கல்லை உடைச்சுட்டு கார்டனா?

போன வாரம் ஆபீஸ்ல மும்முரமா ஆணி புடுங்கிட்டு இருந்தப்ப கருங்கல்லேருந்து சித்தப்பா போன். "மக்கா, நம்ம விளையில தெக்கு மூலையில கெடக்குத பாறைய உடைச்சு மட்டம் பண்ணலாம்ணு பாக்கேன். இன்டர்லாக் கல்லு போட்டு, பாக்கி இடத்துல கொரியன் புல்லு வச்சா கார்டன் மாதிரி ஆயிரும். என்ன சொல்லுத?"

"கார்டன் மாதிரி"ங்கிற அந்த வார்த்தையிலதான் எனக்கு சுர்ருனு ஏறிச்சு.

சிங்கப்பூர்ல நான் இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல, ஜூரோங் ஏரிக்கரையில 1975ல திறந்த சீனத் தோட்டம் ஒண்ணு இருக்கு. பெரிய பகோடா, வளைவு வளைவா பாலம், எல்லாம் வடக்குச் சீனத்து அரண்மனைப் பாணி. சீனத் தோட்டம்னா இதுதான்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். ஆபீஸ் வேலையா ஷாங்காய் போனப்ப ஒரு ஞாயித்துக்கிழமை ரயிலேறி சூச்சோ போனேன். நினைப்பு மாறிடுச்சு.

சூச்சோவோட பழைய தோட்டங்கள்ல ஒன்பது யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. நான் போனதோட பேருக்கு 'வலைக்காரர் தோட்டம்'னு அர்த்தம். ஒண்ணரை ஏக்கர்கூடத் தேறாது. ஆனா சுத்தி முடிக்க எனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. நேரா ஒரு பாதை கிடையாது. எங்க நின்னாலும் முழுத் தோட்டமும் கண்ணுல படாது. நடுவுல ஒரு சின்னக் குளம். அதோட வாலை வளைச்சு ஒரு குட்டிப் பாலத்துக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கான். தண்ணி எங்க முடியுதுன்னே தெரியாது, அதனால குளம் பெருசாத் தெரியும். நம்ம கொரியன் புல்வெளியெல்லாம் கிடையவே கிடையாது. மதில் இருக்கு, ஆனா மதில்ல விதவிதமா ஜன்னல். ஒவ்வொரு ஜன்னல்லயும் ஒரு மூங்கிலோ ஒரு பாறையோ தெரியும்.

பாறைதான் விஷயமே. சூச்சோ யாங்சி ஆத்துப் படுகை, ஒரே தட்டை. மலையும் பாறையும் இல்லாத ஏக்கத்துல பக்கத்து தாய் ஏரியிலேருந்து ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புக் கல்லை இழுத்துட்டு வந்து நிறுத்தினான். அங்கேயே இன்னொரு தோட்டத்துல ஆறரை மீட்டர் உசரத்துக்கு ஒத்தைக் கல்லு நிக்குது. இந்தக் கல்லுப் பைத்தியம் சாதாரணப் பைத்தியம் இல்ல. 12ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஹுய்சோங்னு ஒரு ராஜா, தலைநகருக்குப் பாறை கொண்டு போற படகுக்கு இடைஞ்சல்னு பாலங்களையே இடிக்க வச்சார். ஜனங்க கொதிச்சு 1120ல கலகம் வந்துச்சு. இதெல்லாம் பணக்காரன் கொழுப்புன்னு நீங்க சொன்னா மறுக்க மாட்டேன்.

ஆனா அவன் ராஜ்யத்தைப் பணயம் வச்சுக் கொண்டு வந்த பொருள் நமக்கு ஓசியில கெடக்கு. ஊரு பேரே கருங்கல்லு! நாம காசு குடுத்து அதை உடைக்க ஆள் கூப்பிடுறோம். குளத்தைத் தூத்து வீடு கட்டிட்டு, மொட்டை மாடியில பிளாஸ்டிக் தாமரை வைக்கிறோம்.

அப்புறம் இந்த மதில். தோட்டக் கலைக்குன்னே 1630கள்ல புத்தகம் எழுதின ஜி செங், வெளியில இருக்கிற காட்சியைக் கடன் வாங்கிக்கோன்னு சொல்லியிருக்கார். தோட்டத்துக்கு வெளிய தூரத்துல இருக்கிற கோபுரமும் தோட்டத்தோட சொத்துதான்னு கணக்கு. நம்ம வீட்டு முத்தத்துல நின்னா, மழை விட்ட சாயங்காலம் வடக்க மேற்குத் தொடர்ச்சி மலை அப்படியே தெரியும். வட்டி இல்லாத கடன். அதை மறைச்சு எட்டடி மதில் கட்டி, உள்பக்கம் மலை படம் போட்ட டைல்ஸ் ஒட்டுறவங்களை என்ன சொல்ல?

இதெல்லாம் சித்தப்பாகிட்ட முக்கால் மணி நேரம் சொன்னேன். "சீனாக்காரன் கதை எல்லாம் எனக்கு எதுக்குடே, பாறையில பாம்பு வருகு"ன்னார். வரும்தான். பாறையைச் சுத்தி செத்தையை வாரி சுத்தமா வைங்க, உடைக்க வேண்டாம்னேன். போனை வச்சுட்டார்.

சித்தி மட்டும் என் பக்கம். சீனாக்காரனுக்காக இல்ல. மரச்சீனி அவிச்சுக் காயப்போட அவங்களுக்கு வேற இடம் இல்ல :-)