அன்று போகாத வீடு



சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டி வட்டாரம் அரளிப் பூவுக்குப் பெயர் பெற்றது. விடியுமுன் மொட்டுகளைப் பறித்துச் சேலம் வ.உ.சி. பூ அங்காடிக்கு அனுப்புவதே அங்குள்ள உழவர் பலரின் பிழைப்பு. 2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாக் கொள்ளை நோயால் நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. கோயில்கள் அடைக்கப்பட்டன, திருமணங்கள் சுருங்கின, நம் ஆலயங்களிலும் உயிர்ப்புப் பெருவிழா மக்களின்றியே நடந்தேறியது. வாங்குவார் இன்றி அரளி செடியிலேயே மலர்ந்து உதிர்ந்தது. 2021 மே மாத ஊரடங்கிலும் இதே நிலைதான்.

அவ்வூர் உழவர் ஒருவர் பின்னாளில் என்னிடம் கூறியது இன்றும் நெஞ்சைவிட்டு அகலவில்லை: "தோட்டம் பூரா பூவுங்க. எங்கம்மா ஆஸ்பத்திரியில போய்ச் சேர்ந்துட்டாங்க. ஒரு பூப் போட முடியலைங்க. அதுக்கப்புறமும் யாரும் வந்து ஒரு வார்த்தை கேக்கலைங்க." தம் நட்டத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் இரக்கச் செயல்களை மனப்பாடம் செய்தோமே! உடலைச் சார்ந்த ஏழில் கடைசியாக வருவது, இறந்தோரை அடக்கம் செய்வது. ஏழிலும் இதுவே எளிது என்று எண்ணியிருந்தோம். சாவு வீட்டிற்குப் போகாதவர் நம்மில் யார்? ஆனால் கொள்ளை நோய் வந்தபோது அதுவே யாவற்றினும் அரிதாயிற்று.

2020 ஏப்ரல் 19ஆம் நாள் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் இந்நோயால் இறந்தார். அவர் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் ஒன்று தடுத்தது. வேறிடம் கொண்டு சென்றபோது கல்லும் கழியும் பறந்தன. மனைவியும் மகனும் அங்கிருந்து விலக நேர்ந்தது. நண்பரான மருத்துவர் பிரதீப்குமார் நள்ளிரவில் தாமே வண்டியை ஓட்டிச் சென்று, மருத்துவமனை ஊழியர் இருவருடன் சேர்ந்து மண்ணிட்டு நல்லடக்கம் செய்தார். முறையாகக் கையாளப்படும் உடலால் அஞ்சத் தேவையில்லை என உலகச் சுகாதார நிறுவனம் முந்திய மாதமே விளக்கியிருந்தது. அச்சம் அதற்குச் செவி சாய்க்கவில்லை. நல்லடக்கத்தைத் தடுப்போர்க்குச் சிறைத் தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தைத் தமிழக அரசு அதே மாதம் பிறப்பித்தது.

கல்லெறிந்தவர்களைப் பழிப்பது எளிது. அன்று நம் தெருவிற்கே அவ்வண்டி வந்திருந்தால் நாம் கதவைத் திறந்திருப்போமா?

விவிலியத்தில் தோபித்து உணவு மேசையை விட்டு எழுந்து சென்று, தெருவில் கிடந்த தம் இனத்தான் ஒருவனின் உடலை எடுத்து வந்தார். கதிரவன் மறைந்ததும் புதைத்தார். அண்டை வீட்டார் அவரை எள்ளினர். நம் நாளில் அத்தோபித்தைப் பல உருவில் கண்டோம். த.மு.மு.க. முதலிய அமைப்புகளின் இசுலாமியத் தொண்டர்கள் எச்சமயத்தார் உடலையும் ஏற்று, அவரவர் முறைப்படியே இறுதிக்கடன் ஆற்றினர். பெற்ற பிள்ளைகளும் நெருங்க அஞ்சிய வேளையில், முன்பின் அறியாதவர்கள் சுமந்தார்கள். நமது விசுவாசத்தின் ஏழாம் இரக்கச் செயலை நமக்குக் கற்பித்தவர்கள் அவர்களும்தாம் என்று ஒப்புக்கொள்வதில் நமக்குக் குறைவு ஏதும் இல்லை.

நோய் தணிந்தது. ஆலயங்கள் திறந்தன. அரளிக்கும் விலை வந்தது. ஆனால் அந்நாள்களில் நாம் துக்கம் விசாரிக்கப் போகாத வீடுகள் அப்படியே இருக்கின்றன. அன்று போகாதது குற்றமன்று. விலகி நிற்பதே அன்று அன்பாக இருந்தது. தடை நீங்கிய பின்னும் போகாதிருப்பதற்கு என்ன பெயர் சொல்வோம்?

நவம்பர் 2ஆம் நாள் இறந்த விசுவாசிகளின் நினைவு நாள். நம்மவர் கல்லறைகளுக்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டு செல்வோம். திரும்பும் வழியில் அப்படிப்பட்ட ஒரு வீட்டின் படியேறுவோம். அவ்வீட்டார் எச்சமயத்தவராயினும் ஆகுக. "காலம் கடந்து வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிச் சற்று நேரம் உடன் அமர்வோம். பனமரத்துப்பட்டி உழவர் எதிர்பார்த்தது அவ்வளவே. அவர் வீட்டிற்கு நானும் பிந்தியே போனேன். அவர் என்னை வாசலில் நிறுத்தவில்லை.