காசு கொடாத விளையாட்டு

அன்னிய நாட்டு விளையாட்டுச் சாமான்களின் மீதுள்ள இறக்குமதித் தீர்வையை இந்திய சர்க்கார் 2020-ம் வருஷத்தில் நூற்றுக்கு 20-லிருந்து 60 ஆக உயர்த்தினர். 2023-ல் அது 70 ஆயிற்று. சுதேசத் தொழிலைக் காக்க இது வேண்டியதே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. தீர்வை தொழிற்சாலையைக் காக்கும். குழந்தையின் கைத்திறனைக் காப்பது எது?

நாம் சிறுவராயிருந்த காலத்தில் விளையாட்டுச் சாமான் கடையிலிருந்து வரவில்லை, பனைமரத்திலிருந்து வந்தது. நுங்கு தின்றபின் எஞ்சிய வெறுங்காய்கள் இரண்டு சக்கரங்களாகும். அவற்றை இணைக்கும் குச்சி அச்சாகும். நுனியில் கவட்டையுள்ள நீண்ட கம்பினால் வண்டியைத் தள்ளி ஓடுவோம். குச்சி நட்டநடுவே பாயாவிட்டால் வண்டி நொண்டும். ஓலைக் காற்றாடியில் முள் குத்திய துளை இறுகினால் காற்றாடி சுழலாது. இவற்றை எந்த உபாத்தியாயரும் நமக்குக் கற்பிக்கவில்லை. நொண்டிய வண்டியே கற்பித்தது.

இது வெறும் பழமை மோகம் என்று சிலர் நகைக்கலாம். இயந்திரப் பொம்மையும் அறிவை வளர்க்குமே என்பர். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், வாங்கிய பொம்மை உடைந்தால் குழந்தை வேறொன்று வாங்கித் தரும்படி அழுகிறது; தான் செய்த வண்டி உடைந்தால் வேறொன்று செய்ய முற்படுகிறது. பிறர் கையை எதிர்பார்ப்பதும் தன் கையை நம்புவதும் இளமையிலேயே படியும் குணங்களன்றோ?

கைத்தொழில் வாயிலாகவே கல்வி அமைய வேண்டுமென்று காந்தியடிகள் 1937-ல் வார்தா மகாநாட்டில் வற்புறுத்தினார். அக்கல்விக்கு நுங்கு வண்டியே அரிச்சுவடி. நம் புலவர்களும் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்றாகச் சிறுதேர் உருட்டுவதை வைத்தனர்.

இவ்விஷயத்தில் பிறரைக் குறை கூறுமுன் நாமே குற்றவாளிக் கூண்டில் ஏறக் கடமைப்பட்டிருக்கிறோம். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு விலையுயர்ந்த பொம்மைகளை வாங்கிக் கொடுத்தோம். ஓர் ஓலைக் காற்றாடி செய்யக் கற்றுக் கொடுத்தோமில்லை.

நாம் கோருவது பெரிதன்று. ஆரம்பப் பாடசாலைகளில் வாரந்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குக. ஓலை முடையத் தெரிந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து, தக்க ஊதியம் கொடுத்துக் கற்பிக்கச் செய்க. பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று தமிழக சர்க்கார் 2021-ல் விதித்தனர். மரத்துக்குக் காவல் கிடைத்தது. அதன் ஓலையை மடிக்க அறிந்த கைகளோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. அக்கைகள் ஓயுமுன் அவற்றின் வித்தையைக் குழந்தைகளிடம் சேர்ப்பிப்பது நம் பொறுப்பு.