ஊரில் இரண்டே தமிழர்

தெஹுவா என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நம்மில் குறைவு. ஆனால் சீன நண்பர்கள் வீட்டில் பால்வெள்ளைக் குவான் யின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைப் பீங்கானுக்குப் பெயர்போன ஊர் இது. சீனாவின் ஃபுஜியான் மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே உள்ள சிறு நகரம். இங்குள்ள பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் என் மனைவிக்குத் தரக்கட்டுப்பாட்டு வேலை. நான் அவருடைய 'குடும்ப உறுப்பினர்'. அந்த அனுமதியில் வந்தவர் வேலை செய்யக்கூடாது. ஆகவே சந்தை, சமையல், சலவை மூன்றும் என் இலாகா.

வெளிநாட்டவர் வீடு மாறினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் கடப்பிதழைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். அது முடிந்தால் மற்றவை சுலபம். கீரை விற்கும் பாட்டிகூடக் கூடையில் கியூஆர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். கறிவேப்பிலைதான் கிடைப்பதில்லை. கொத்தமல்லி, இஞ்சி, பட்டை, சோம்பு எல்லாம் உண்டு.

எந்த நாடு என்று எல்லாரும் கேட்பார்கள். மலேசியா என்றதும் முகம் மலரும். தாத்தாவின் தம்பி அங்கேதான் போனார் என்பார் ஒருவர். அடுத்த நொடியே என்னை உற்றுப் பார்த்து, "ஆனால் நீங்கள் இந்தியர்போல இருக்கிறீர்களே?" என்பார். மூன்று தலைமுறைக் கதையைச் சொல்ல என் மண்டரின் போதாது.

கைகொடுத்தது பினாங்கு சந்தையில் பழகிய ஹொக்கியன்தான். இங்குள்ள பெரியவர்கள் பேசுவதும் அதே மின்னான் மொழி, ராகம் மட்டும் வேறு. "சியா பா போய்?" என்று கேட்டேன், கீரைப் பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். நம் 'பசியாறியாச்சா'வுக்கு அச்சு அசலான கேள்வி அது. சவர்க்காரத்துக்கு இவர்கள் சொல்வது ஏறக்குறைய நம் ஊர் மலாய் 'சாபூன்'. நாம் குடிக்கும் 'தே'யும் இவர்களுடைய சொல்தான். கப்பலேறி நம் தேநீர் வரைக்கும் வந்துவிட்டது.

பகலெல்லாம் இப்படி ஓடிவிடும். சிக்கல் மாலையில்தான்.

எங்களுக்குத் தெரிந்து இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். இருவரும் ஒரே வீட்டில். மனைவி நாள் முழுக்க மண்டரினும் ஆங்கிலமும் பேசிக் களைத்து வருவார். நானோ நாள் முழுக்கத் தமிழ் பேசாமல் காத்திருப்பேன். கதவு திறந்ததும் ஆரம்பிப்பேன். "கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன், பேசிப் பேசி வாய் வலிக்குது" என்பார் அவர். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

ஒருநாள் இதுவே பெரிதாகி, மூன்று நாள் பேச்சில்லை. பினாங்கில் என்றால் அவர் அக்கா வீட்டுக்குப் போயிருப்பார், நான் ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருப்பேன். இங்கே எங்கே போவது? அந்த மூன்று நாளும் தெஹுவாவில் தமிழே இல்லை.

மூன்றாம் நாள் மாலை பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். எங்கள் சண்டையில் ஒரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்காது. சங்கதி புரிந்திருந்தது. இருவரையும் தம் வீட்டுக்குக் கூட்டிப்போய் எதிரெதிரே உட்காரவைத்தார். குட்டிக் கிண்ணங்களில் தேநீர் ஊற்றினார், காலியாகக் காலியாக மறுபடி ஊற்றினார். ஏதோ நீளமாகச் சொன்னார். மனைவிக்கு மண்டரின் தெரியும், மின்னான் தெரியாது.

"இந்தம்மா என்னங்க சொல்றாங்க?" என்றார் என்னிடம்.

எனக்கும் பாதிதான் புரிந்தது. "ஆரஞ்சு எடுத்துச் சாப்பிடச் சொல்றாங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். மூன்று நாள் அதோடு முடிந்தது.

இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவர் வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் நான் வாய் திறப்பதில்லை. சாப்பிட்டபின் ஆற்றங்கரையில் ஒரு மணி நேர நடை. ஒலிபெருக்கி வைத்து ஆடும் பெண்களைத் தாண்டி, அம்மாவின் முட்டிவலி முதல் அரிசி விலை வரை, எல்லாம் தமிழில். சில நாள் அவரே அதிகம் பேசுகிறார்.

கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பதும் ஒரு வசதிதான். பேச இன்னும் நாலு பேர் இருக்கும் ஊரில்தான் அது கட்டுப்படியாகும்.