ஈரத் தலையில் பர்தா கட்டி அனுப்பாதீர்கள்



காலையில் பாடசாலை மணி அடிக்கும்போது எங்கள் வகுப்புக்குள் வரும் பெண் பிள்ளைகள் பலரின் பர்தா பின்கழுத்தில் நனைந்திருக்கும். சுபஹுக்கு எழும்பி முழுகி, தலை காயமுதல் இறுக்கிக் கொண்டை போட்டு, அதற்கு மேல் பர்தாவும் கட்டி வருகிறார்கள். அதைக் கழற்றுவது பாடசாலை விட்டு வீட்டுக்குப் போய்த்தான். ஓட்டமாவடி வெயிலில் அவ்வளவு நேரமும் தலை அவிகிறது. பத்தாம் வகுப்புக்கு வந்ததும் "ரீச்சர், முடி கொத்துக் கொத்தா உதிருது, தலை கடிக்குது" என்கிறார்கள். வீட்டில் சிலர் பர்தாவைக் குறை சொல்கிறார்களாம். பர்தாவில் பிழையில்லை உம்மாமாரே, பிழை ஈரத்தில்தான்.

நனைந்த முடி ரப்பர் மாதிரி இழுபடும். அந்த நேரம் இறுக்கினால் அறுந்துபோகும். பொடுகை உண்டாக்கும் பூஞ்சணம் எல்லோர் தலைத்தோலிலும் இருக்கிறது. சூடும் ஈரமும் கிடைத்தால் பெருகும். ஒரே இடத்தில் ஒவ்வொரு நாளும் இறுக்கிக் கட்டினால் நெற்றியோரத்து முடி கழன்றுபோகும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் திரும்ப முளைக்காமலும் விடலாம். அஸருக்குப் பிறகு முழுகி, காயவிட்டு, தளர்வாகப் பின்னிப் படுத்தால் காலையில் இந்த அவசரமே இல்லை.

அடுத்தது சுருட்டை முடிப் பிள்ளைகள். இங்கே எங்கள் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். 'பரட்டை' என்று சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்து ஆசிரியர்கள் நாங்களே சிரித்திருக்கிறோம். தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேரான முடியில் நுனிவரை இறங்கும், சுருளில் இறங்காது. அதனால்தான் அது காய்ந்து நிற்கிறது, பிள்ளை சீவாமல் வந்ததால் அல்ல. அதைக் காய்ந்த நிலையில் பேன் சீப்பால் இழுக்க வேண்டாம். லேசான ஈரத்தில், கொஞ்சம் எண்ணெய் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் உம்மம்மாமார் சரி. அவர்கள் முழுகமுதல் தேங்காயெண்ணெய் வைத்தார்கள். நாங்கள் முழுகிய பிறகு மினுக்கத்துக்கு வைக்கிறோம், அதில் தூசிதான் ஒட்டுகிறது. 2003இல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். கழுவும்போது முடியின் புரதம் போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். அது முடிக்குள்ளேயே இறங்கும், அதுதான் காரணம். ஆனால் பொடுகு இருந்தால் தலைத்தோலில் ஊறப்போடாதீர்கள், அந்தப் பூஞ்சணத்துக்கு எண்ணெய்தான் சாப்பாடு. முடியின் நீளத்துக்கு மட்டும் தடவுங்கள்.

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது. கல்சியம் கூடிய தண்ணீர் அப்படித்தான், முடியையும் முரடாக்கும். மாரியில் பிடித்த மழைத் தண்ணீரைக் கடைசி வாளிக்கு வைத்துக்கொண்டோம், வித்தியாசம் கையில் தெரிந்தது.

இதையெல்லாம் எழுத வைத்தது ஒரு மாணவி. ராத்தாவின் கல்யாணத்துக்காக முடியை நேராக்கினாள். மூன்று மாதத்தில் முடி காதடிவரை முறிந்துவிட்டது. "சுருட்டை என்டு எல்லாரும் சிரிக்கிறாங்க ரீச்சர்" என்றாள். அந்த எல்லாரிலும் நாங்களும் இருந்தோம். நேராக்கும் கிறீம்கள் சிலவற்றிலிருந்து போமல்டிஹைட் வெளியாகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே வகைப்படுத்தியது. அமெரிக்காவில் 33,947 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2022இல் வெளியான ஆய்வில், நேராக்கும் இரசாயனங்களை அடிக்கடி பாவித்தவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வீதம் பாவிக்காதவர்களை விட இரண்டு மடங்குக்கும் கூடுதலாக இருந்தது. அதுதான் காரணமென்று அந்த ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை. ஆனாலும் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் அதைப் பூச எங்களுக்கு மனம் வராது.

இந்தத் தவணையிலிருந்து இடைவேளையில் பெண் பிள்ளைகளின் அறைக் கதவைச் சாத்தி, பத்து நிமிடம் பர்தாவைக் கழற்றித் தலையை ஆறவிடுகிறோம். நேற்று அந்த மாணவியும் வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். அடியில் புதுச் சுருள் இரண்டு விரல் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.