கிரெட்னா: இரவல் தண்ணியில விளைஞ்ச வெள்ளாமை

இன்னிக்கு ஸ்காட்லாந்துல இருக்கிற ஒரு சின்ன ஊரோட கால்பந்து கிளப் கதையைச் சொல்லப் போறேன். ஊர் பேரு கிரெட்னா. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒரு ஊர்ல ஒண்ணு எவ்வளவு வேகமா வளர்ந்துச்சுங்கறது பெரிய விஷயமே இல்லீங்க. வளர்த்துவிட்டவர் நாளைக்குப் படுத்துட்டா அது சொந்தக் கால்ல நிக்குமா, அதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை கிரெட்னாவுல யாரும் நேரத்துக்குக் கேக்கல. அதனால 62 வருஷத்துக் கிளப் ஒண்ணு அழிஞ்சு போச்சு.

ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் தொடுற எல்லையில இருக்கிற ஊர் இது. ஜனத்தொகை சுமார் 3 ஆயிரம். பக்கத்துலயே கிரெட்னா கிரீன்னு ஒரு கிராமம். காதலிச்சு ஓடி வர்றவங்க கல்யாணம் பண்ணிக்கிற இடம்னு உலகம் பூரா பேர் வாங்கினது. 18-ஆம் நூற்றாண்டு நடுவுல இங்கிலாந்துல சட்டம் கடுமையாச்சு. 21 வயசு ஆகாதவங்க கல்யாணம் பண்ண பெத்தவங்க சம்மதம் வேணும். ஸ்காட்லாந்துல அந்தக் கட்டுப்பாடு இல்ல. எல்லையைத் தாண்டினதும் கொல்லன் பட்டறை. பட்டறைக் கல் முன்னாடி ரெண்டு சாட்சி வெச்சுக் கல்யாணம் முடிஞ்சுடும். கிரெட்னா டவுன் அதுக்கெல்லாம் பின்னாடி வந்தது. முதல் உலகப் போர்ல வெடிமருந்து ஆலையில வேலை செஞ்சவங்களுக்காகக் கட்டின ஊர்.

1946-ல, ரெண்டாம் போர் முடிஞ்ச கையோட, இங்க கால்பந்து கிளப் ஆரம்பிச்சாங்க. ஊர் ஸ்காட்லாந்துல இருந்தாலும் பக்கத்துல இருக்கிற பெரிய ஊர் இங்கிலாந்தோட கார்லைல். அதனால பல பத்து வருஷம் இங்கிலாந்து லீக்லதான் ஆடினாங்க. 1991, 1992-ல அங்க நார்தர்ன் லீக்கை ரெண்டு தடவை ஜெயிச்சாங்க. ஸ்காட்லாந்து லீக்ல சேர முன்னாடி கேட்டப்ப எடுத்துக்கல. 2002-ல ஏர்ட்ரியோனியன்ஸ்ங்கற கிளப் கடன்ல மூழ்கிப் போனதும் ஒரு இடம் காலியாச்சு. அந்த இடத்துலதான் கிரெட்னா உள்ள வந்துச்சு. இதைக் கொஞ்சம் நினைப்புல வெச்சுக்கங்க.

அது வரைக்கும் எல்லாம் மெதுவாத்தான் நடந்துச்சு. அப்புறம் வந்தார் ப்ரூக்ஸ் மைல்சன். இங்கிலாந்தோட சண்டர்லேண்ட்ல பிறந்து, தொழில் செஞ்சு பெரிய பணக்காரர் ஆனவர். கெட்ட மனுஷர் இல்லீங்க. ஆதரவத்த மிருகங்களை வீட்டு நிலத்துல வெச்சுப் பாத்துக்கிட்டவர், வேற சின்னச் சின்ன கிளப்புகளுக்கும் பணம் கொடுத்து உதவினவர். கிரெட்னா மேல அவருக்குப் பிரியம் விழுந்துச்சு. பணத்தை இறைச்சார்.

அப்புறம் நடந்ததை நம்பவே முடியாது. 2004-05-ல கடைசிப் பிரிவுல 36 ஆட்டத்துல 130 கோல், 98 புள்ளி. அந்த ஒரு சீசன்ல லீக்ல மட்டும் 38 கோல் போட்ட கென்னி டூக்கர் நெஜமாவே படிச்ச டாக்டர். அடுத்த வருஷம் அடுத்த பிரிவையும் ஜெயிச்சாங்க. அதே 2006-ல ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டிக்கும் போனாங்க. மூணாவது படியில ஆடுற கிளப் ஒண்ணு இறுதிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஹாம்ப்டன் மைதானத்துல ஹார்ட்ஸ்ங்கற பெரிய கிளப்போட 1-1 சமன், பெனால்டியிலதான் தோத்தாங்க. ஹார்ட்ஸ் லீக் வழியா சாம்பியன்ஸ் லீக் போனதால, ரெண்டாவதா வந்த கிரெட்னாவுக்கு ஐரோப்பாவுல ஆடுற வாய்ப்பு கிடைச்சுது. அயர்லாந்து லீக்ல ஆடுற டெரி சிட்டிகிட்ட ரெண்டு ஆட்டமும் சேர்த்து 7-3-னு தோத்தாங்க. அது போகட்டும், 3 ஆயிரம் பேர் ஊர் அங்க வரைக்கும் போச்சே!

2007-ல கடைசி நாள் ஆட்டம், கடைசி நிமிஷம் தாண்டி ஜேம்ஸ் கிரேடி ஒரு கோல் போட்டார். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்துல கிரெட்னா மேல ஏறி, செல்டிக், ரேஞ்சர்ஸ் ஆடுற பிரீமியர் லீக்குக்குப் போயிடுச்சு. மூணு வருஷத்துல மூணு படி.

இங்கதான் வினை ஆரம்பம். அப்ப பிரீமியர் லீக்ல ஆடணும்னா 6 ஆயிரம் இருக்கை உள்ள மைதானம் வேணும்னு விதி இருந்துச்சு. ஊர்ல இருந்த ரெய்டேல் பார்க்ல அது இல்ல. அதனால நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கிற மதர்வெல் ஊர் மைதானத்தை வாடகைக்கு எடுத்தாங்க. சொந்த ஊர் ஆட்டம்னு பேரு, சொந்த ஊர்ல ஒரு ஆட்டம் கூட இல்ல. 2008 ஏப்ரல்ல இன்வர்னெஸ் அணியோட ஆடினப்ப பார்க்க வந்தவங்க மொத்தம் 431 பேர். நாட்டோட முதல் நிலை லீக்ல 431 பேர்னா நெனச்சுப் பாருங்க.

அதுக்கு முன்னாடியே மைல்சன் உடம்பு முடியாம படுத்துட்டார். பணம் வர்றது நின்னு போச்சு. 2008 மார்ச்சுல கிளப் நிர்வாகம் கடன்காரங்களுக்காக நியமிச்சவங்க கைக்குப் போச்சு. தண்டனையா 10 புள்ளி பிடிச்சாங்க. வேலை செஞ்சவங்க, ஆட்டக்காரங்க பல பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க. சீசனோட கடைசி ஆட்டத்துல அதே ஹார்ட்ஸை 1-0-னு ஜெயிச்சாங்க. ஜெயிச்சு என்னங்க பண்றது? ஜூன்ல லீக்கை விட்டு விலகினாங்க, அப்புறம் கிளப்பையே கலைச்சாச்சு. அந்த நவம்பர்லயே மைல்சனும் காலமாயிட்டார்.

பணக்காரர் மேல பழி போட்டுட்டுப் போறது சுலபம். நான் அப்படிச் சொல்லல. பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்ல மனசோட தண்ணி விட்டா வாங்கிக்க வேண்டியதுதான். அதை நம்பி நம்ம கிணத்துத் தண்ணிக்கு ஏத்த பயிரை விட்டுட்டு, ஏக்கர் கணக்குல நெல்லை நட்டா அது யார் தப்பு? அவர் மோட்டார் நின்ன அன்னிக்கு நம்ம வயல் காயும். கிரெட்னாவுல டிக்கெட்ல வந்தது சொந்தக் கிணத்துத் தண்ணி. ஆட்டக்காரங்க சம்பளம் எல்லாம் ஓடினது இரவல் தண்ணியில. மைல்சன் பணத்துல பாதியாச்சும் மைதானத்துல போட்டிருந்தா, அவர் போன பின்னாடியும் அது ஊர்ல நின்னிருக்கும். சம்பளமாப் போனது அந்தந்த மாசத்தோட போச்சு.

"ஒரு நாளாச்சும் ஹாம்ப்டன்ல ஆடினாங்களே, அந்த சந்தோஷம் போதாதா?"ன்னு சிலர் கேப்பாங்க. நியாயமான கேள்விதான். அந்த நாளை அந்த ஊர்க்காரங்க மறக்க மாட்டாங்க. ஆனா அதுக்குக் கொடுத்த விலை யாருதுன்னு பாக்கணும். 1946-லருந்து சனிக்கிழமை சனிக்கிழமை வந்து நின்னவங்களைக் கேட்டுட்டா யாரும் அந்தச் சூதுல இறங்கினாங்க? சந்தோஷம் எல்லாருக்கும் பொது; முடிவு எடுத்தது மட்டும் ஒருத்தர். எனக்கு அதுதான் உறுத்துது.

இன்னொண்ணு பாருங்க. கிரெட்னா போன இடத்துக்கு லீக்ல வந்தது பக்கத்து ஊரான அன்னான் கிளப். 1942-ல ஆரம்பிச்சது. பெரிய பணக்காரர் யாரும் பின்னாடி இல்ல, அவசரமும் இல்ல. அடுத்த படி ஏற அவங்களுக்கு 15 வருஷம் ஆச்சு, 2023-லதான் ஏறினாங்க. யாரும் அதைப் பத்திப் படம் எடுக்க மாட்டாங்க. ஆனா கிளப் இருக்கு, ஆட்டம் நடக்குது. ஏர்ட்ரியோனியன்ஸ் விழுந்து கிரெட்னா வந்துச்சு, கிரெட்னா விழுந்து அன்னான் வந்துச்சு. முன்னாடி விழுந்தவன் எதனால விழுந்தான்னு அன்னான்காரங்க பாத்திருக்காங்கன்னு நான் நெனக்கிறேன்.

கிரெட்னா ரசிகர்களும் சும்மா இருக்கல. கிளப் கலைஞ்ச அதே கோடையில கூடிப் பேசி 'கிரெட்னா 2008'-னு புதுக் கிளப் ஆரம்பிச்சாங்க. முதல்ல அன்னான் மைதானத்துல இடம் கேட்டு ஆடிட்டு, அப்புறம் சொந்த ஊர் ரெய்டேல் பார்க்குக்கே திரும்பி வந்தாங்க. கீழ் லீக்தான், கூட்டமும் கொஞ்சம்தான். ஆனா வீட்டுலருந்து நடந்து போய்ப் பாக்கலாம். பிரீமியர் லீக்ல ஆடின வருஷம் அந்த ஊர்க்காரங்களுக்கு அது கிடைக்கல.

ஒரு ஊருக்கோ சங்கத்துக்கோ பணம் கொடுக்க நல்ல மனசோட வர்றவங்களை வேணாம்னு சொல்லாதீங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டு வையுங்க: "நீங்க நிறுத்தின மாசம் எங்களுக்கு என்ன ஆகும்?" அதுக்குப் பதில் இருந்தா தாராளமா வாங்கலாம்.