வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு எலும்பும் கவனம்!

கேள்வி: இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து குணமானவருக்கு, வரப்பில் லேசாக வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. என்ன காரணம்?

பதில்: இரைப்பையை அகற்றியபின் அமிலச் சுரப்பும் சாப்பாடும் குறையும். கால்சியமும் வைட்டமின் டியும் உடலில் சரியாகச் சேராது. அந்தக் குறையை ஈடுகட்ட, எலும்பிலிருந்தே கால்சியம் கரையும். வலியில்லாமலே எலும்பு மெலிந்துவிடும். லேசான அடிக்கே முறிந்தால், மாவுக்கட்டோடு விட்டுவிடாதீர்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவவில்லை என்பதை டாக்டரிடம் உறுதி செய்யுங்கள். 'டெக்ஸா' ஸ்கேன், வைட்டமின் டி பரிசோதனை பற்றியும் கேளுங்கள். கால்சியம் கார்பனேட் மாத்திரை சேர அமிலம் வேண்டும். சிட்ரேட் வகைக்கு அவ்வளவு தேவையில்லை. எது, எவ்வளவு என்பதை டாக்டரே சொல்லட்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு; கூழாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஈர வரப்பும், மூட்டை தூக்குவதும் இப்போதைக்கு வேண்டாம்.