மலைக்கேற்ற பள்ளி

கேரளத்தின் பீருமேடு தாலுகாவிலுள்ள ஏலப்பாறையில் இனி எழும் ஒவ்வொரு பள்ளியும் பக்கத்து வாகமனிடம் பாடம் கேட்க வேண்டும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1960-களில் மனைவி டாக்டர் எலிசபெத்துடன் அங்கேதான் வாழ்ந்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் கருத்தை ஆயுள் முழுக்கப் போற்றியவர். செங்கல்லை நிமிர்த்தி, நடுவில் இடைவெளி விட்டு அவர் எழுப்பிய சுவர்கள் ஏறக்குறைய கால்வாசிச் செங்கல்லை மிச்சப்படுத்தின.

நாமோ மலைச்சரிவை ஜேசிபியால் வெட்டி, சமவெளிக்கான கான்கிரீட் பெட்டியை நிறுத்துகிறோம். 2021 அக்டோபரில் இதே பீருமேடு தாலுகாவின் கொக்கையாறில் மண் சரிந்து உயிர்கள் போன பிறகும்!

கட்டடம் பாதிதான்; மறுபாதி கற்பிக்கும் முறை. அட்டப்பாடியில் கோபாலகிருஷ்ணன், விஜயலட்சுமி என்ற ஆசிரியத் தம்பதி தொடங்கிய ‘சாரங்’ பள்ளி, வறண்ட குன்றில் மரம் வளர்ப்பதையே கல்வியாக்கியது. ஆனைகட்டியில் 2007-இல் தொடங்கிய வித்யா வனத்தில் பழங்குடிக் குழந்தைகள் படிக்கிறார்கள்.

ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளில் பலர், தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் வழிவந்தவர்கள். கொழுந்து கிள்ளிய பாட்டிக்கு மண்ணும் மழையும் தெரியும். அவரை வகுப்பறைக்கு யார் அழைத்தார்கள்? கேரளக் கல்வித்துறை அடுத்த வரைபடம் போடுமுன் தோட்டக் குடியிருப்புகளான லயங்களின் மக்களைக் கூட்டிப் பேசட்டும்.